லிஃப்டை நிறுத்தியவள் பேசுகிறேன்

அவையின் நடுவே அமைதியே உருவாக வீற்றிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஐயா அவர்களே! அவருக்கு வலப்பக்கம், கையில் கோப்பும் கண்ணில் கண்டிப்புமாக அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை ஒட்டுவதால் நாங்கள் அன்போடு ‘சர்க்குலர் சார்’ என்று அழைக்கும் அருமைச் செயலாளர் அவர்களே! வலிக்கும் காலை நீட்டி வைக்க ஒன்று, உட்கார ஒன்று என்று இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு வந்திருக்கும் இரண்டாம் மாடி முழங்கால் மாமா அவர்களே! முன் வரிசைகளில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பதினான்கு தாய்மார்களே! எப்போது எழுந்து போகலாம் என்ற திட்டத்தோடு பின் வரிசையைப் பிடித்திருக்கும் பதினொரு ஐயாமார்களே! அந்தப் பதினொன்றில் இருவர் என் கணவரும் என் மகனும். அவர்கள் எழுந்து போக முடியாது. தூணில் சாய்ந்து நிற்கும் லிஃப்ட் மெக்கானிக் தம்பி அவர்களே! கேட்டில் ஒரு காதும் கூட்டத்தில் ஒரு காதுமாக நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் அவர்களே! நாற்காலிக் கால்களுக்கு நடுவே நழுவி ஓடும் ஐந்து குழந்தைச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னையும் சேர்த்து முப்பத்தாறு பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். என் வீட்டிலிருந்து வரவேண்டியவர்கள் நால்வர், வந்திருப்பவர்கள் மூவர். வராத அந்த ஒருத்தி என் மருமகள். அவள் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவள் நான். மேடைத் தமிழை வானொலியில் கேட்டுக் கேட்டு, பாத்திரம் துலக்கிக்கொண்டே பழகியவள். கரண்டியை மைக்காக வைத்துப் பேசிய பழக்கம் உண்டு; மைக்கை மைக்காகவே வைத்துப் பேசுவது இன்றுதான் முதல் முறை. சொல்லில் குறையிருந்தால் பொறுத்தருளுங்கள். பொருளில் குறையிருந்தால் இங்கேயே கேளுங்கள்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் இன்றைய கூட்டத்தில் நான்காம் பொருள் என்ன? லிஃப்ட். இரண்டு மாதத்தில் இருபத்து மூன்று முறை, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, காரணம் தெரியாமல் நின்ற லிஃப்ட். வாட்ச்மேன் அண்ணன் தேதி, மணி விடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மெக்கானிக் தம்பி ஐந்து முறை வந்து கயிற்றைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், கறுப்பு வயரைப் பார்த்தார், சிவப்பு வயரைப் பார்த்தார். ஒருநாள் வயர் லூசு என்றார், மற்ற நாளெல்லாம் பழுது இல்லை என்றார். பழுது இல்லாத லிஃப்ட் ஏன் நிற்கிறது? பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றார்கள் பலர். ஆகவே உள்ளே லிஃப்டை நிறுத்துவதற்கென்று இருக்கும் சிவப்பு சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே ஒரு கேமராவை மாட்டலாம் என்று செயலாளர் தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார்.

பெரியோர்களே! பேயும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்தச் சிவப்பு சுவிட்சை அழுத்தியவள் நான்.

சத்தம் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்! “அடிப்பாவி!” என்று முழங்கால் மாமா சொல்வது எனக்குக் கேட்கிறது. சொல்லுங்கள் மாமா, உங்களுக்கு அந்த உரிமை உண்டு. மருந்துப் பையோடு லிஃப்டுக்குக் காத்து நின்று, அது வராமல் ஒருநாள் நீங்கள் படியேறியது என்னால்தான். மூன்று மணிக்கு மேல் யாரும் லிஃப்டைத் தேட மாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். படிக்கு ஒரு மன்னிப்பு என்றால் முப்பத்திரண்டு மன்னிப்பு.

“ஏம்மா, உங்க வயசுக்கு இது தேவையா?” என்று கேட்கிறார் சர்க்குலர் சார். அதைத்தான் ஐயா சொல்ல வருகிறேன்.

முதல் தடவை நான் நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றது. அன்று ஒருநாள்தான் உண்மையான பழுது. இரண்டு கையிலும் காய்கறிப் பை. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல், விளக்கு ஒருமுறை சிமிட்டியது, நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன்? அறிந்த தெய்வம், அறியாத தெய்வம் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். கூப்பிட்டு முடிந்தது. பிறகு ஓர் அமைதி வந்தது.

தாய்மார்களே! அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வேன்? அடுப்பு இல்லாத அமைதி. அழைப்புமணி இல்லாத அமைதி. ‘அது எங்கே, இது எங்கே’ இல்லாத அமைதி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். என் மூச்சு உள்ளே போய் வெளியே வரும் ஓசை கேட்டது. எத்தனை வருஷமாகப் போய் வருகிறது அந்த மூச்சு! ஒருநாளாவது அதை ‘வா’ என்று சொல்லியிருப்பேனா? ‘போயிட்டு வா’ என்று சொல்லியிருப்பேனா? என் வீட்டில் வந்து போகிற எல்லோருக்கும் வாசல்வரை போய் வழியனுப்பியவள், எனக்குள் வந்து போன மூச்சை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை.

கீழேயிருந்து வாட்ச்மேன் அண்ணன் கத்துகிறார்: “அம்மா! பயப்படாதீங்க! ஆள் வருது!”

நான் சொன்னேன்: “எனக்கென்னப்பா பயம்? மெதுவா வரச் சொல்லு. அவசரமே இல்ல.”

நாற்பது நிமிஷம். மெக்கானிக் தம்பி கதவைத் திறந்து, “ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாம்மா?” என்றார். “ஆமாம்பா” என்றேன். சாமி கும்பிடுகிறவள், பொய் சொல்லக் கூடாது, சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்தேன். “பாவம், பயந்துபோயிருப்பா” என்று என் கணவர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். திருமணமாகி முப்பத்தோரு ஆண்டில் அவர் எனக்குக் கொண்டு வந்த தண்ணீர் அது மூன்றாவது தடவை. சிரிக்காதீர்கள், அவர் பின்னால்தான் இருக்கிறார்.

அன்று முதல் ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. பட்டுப்புடவைக்கு ஏங்கியதில்லை நான், பயணத்துக்கு ஏங்கியதில்லை. அந்த நாற்பது நிமிஷத்துக்கு ஏங்கினேன். வெயிலில் வேலை செய்கிறவன் நிழலுக்கு ஏங்குவானே, அப்படி! பச்சைப்பிள்ளை தாய் மடிக்கு ஏங்குமே, அப்படி!

வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகனுக்கு அச்சகத்தில் இரவு வேலை. பகலெல்லாம் படுக்கையறையில் தூக்கம். கூடத்தில் கணவர், தொலைக்காட்சி. சாப்பாட்டு மேசையில் மருமகள், அவளுடைய அலுவலகம். சமையலறையில் நான். சரி, சாமி படத்தின் முன்னால் கண்ணை மூடலாமே என்றால், மூடிய கண்ணுக்கு வெளியே ஒரு குரல் வரும்: “சாமி கும்பிடுறியா? கும்பிடு, கும்பிடு. நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணல. ரிமோட்டை மட்டும் எங்க வெச்சேன்னு சொல்லிட்டுக் கும்பிடு.”

அந்தக் கடவுளிடமாவது எனக்காகப் பேசினேனா? கணவரின் இரத்த அழுத்தம், மகனின் கண் எரிச்சல், மருமகளின் வேலை, தங்கையின் வீட்டுக் கடன். வேண்டுதல் பட்டியல் வரிசையாகப் போகும். கடைசி வரி வரும்போது அடுப்பில் குக்கர் கூவிவிடும். என் பெயருக்கு ஒரு வரி எந்த நாளும் எஞ்சியதில்லை.

அதனால்தான் அழுத்தினேன். “மாடியில துணி எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, மூன்று பத்துக்கு லிஃப்டில் ஏறி, மேலே போகாமல் கீழே இறக்கி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அழுத்தினேன். பதினோரு நிமிஷம். பிறகு சுவிட்சை இழுத்துவிடுவேன். ஒன்பது நாள் அப்படிச் செய்தேன். என் நோட்டில் ஒன்பது இருக்கிறது.

இப்போது நீங்கள் எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். இருபத்து மூன்றில் பழுது ஒன்று. என்னுடையது ஒன்பது. மீதி பதின்மூன்று? அந்தப் பதின்மூன்று யாருடையது? யாரும் கை தூக்க வேண்டாம். நான் யாரையும் பார்க்கவும் இல்லை. ஐந்தாம் மாடி மருந்துக்கடைக்காரர் திடீரென்று அண்ணாந்து குழாயைப் பார்ப்பதை நான் பார்க்கவே இல்லை. முதல் மாடி டீச்சரம்மா கைப்பைக்குள் எதையோ தேடுவதையும் நான் பார்க்கவில்லை. தேடுங்கள் டீச்சர், கிடைக்கும்.

அந்தப் பதின்மூன்றில் ஆறு என் மருமகளுடையது. இதை நான் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். “சொல்லுங்க அத்தை, மறைச்சு மறைச்சுத்தானே இவ்வளவு தூரம் வந்துச்சு” என்றாள். அவளுடைய அனுமதியோடு சொல்கிறேன்.

என் மருமகளுக்கு என்ன வேலை தெரியுமா? குளிர்சாதனப்பெட்டி வாங்கியவர்கள், துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள், அது ஓடவில்லை என்றால் ஓர் எண்ணை அழைப்பார்களே, அந்த எண்ணுக்கு மறுமுனையில் உட்கார்ந்திருப்பவள் அவள். காதில் ஹெட்செட். எதிரே திரை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேர். அத்தனை பேரும் கோபமாக வருவார்கள். தான் செய்யாத இயந்திரத்துக்கு, தான் விற்காத பொருளுக்கு, தான் காணாத மனிதரிடம் அவள் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: “மன்னிக்கவும். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.” குழைந்து சொல்ல வேண்டும். சிரித்த குரலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சூப்பர்வைசர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். காலையிலிருந்து சாயங்காலம்வரை என் சாப்பாட்டு மேசையில் அந்த வாசகம் உதிர்ந்துகொண்டே இருக்கும். நான் அதன் நடுவே தட்டு வைப்பேன், தட்டு எடுப்பேன். ஊரார் சிரமமெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவள் சிரமம் யாருக்குப் புரிந்தது? பக்கத்திலேயே நின்ற எனக்குப் புரிந்ததா? ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையின் ஓரத்தில், ஓர் அடி தூரத்தில் நின்றேனே, எனக்குப் புரிந்ததா?

ஒருநாள், மூன்றரை மணிக்கு அவளுடைய இடைவேளை. “அத்தை, பால் வாங்கிட்டு வர்றேன்” என்று போனாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. மேசையில் அவளுடைய கணினி கூவுகிறது. கைபேசி அலறுகிறது. நான் வெளியே வந்தால், நடையில் கூட்டம். லிஃப்ட் நின்றுவிட்டது. “உள்ள யாரு? உள்ள யாரு?” பதில் இல்லை. மெக்கானிக் தம்பி ஓடி வந்தார். மேல் தளத்திலிருந்து கதவைத் திறந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

செருப்பு இரண்டும் ஓரமாக, ஒழுங்காக. மூலையில் என் மருமகள். நெற்றி சுவரில். கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. எத்தனை பேர் கத்தினோம்! ஒரு குரல்கூட அவள் காதுக்குள் போகவில்லை.

அந்தச் செருப்பைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தலையை என் தோளில் சாய்த்திருக்க வேண்டாமா? ‘நானும் இங்கேதானம்மா வந்து உட்காருவேன்’ என்று அவள் காதில் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேனா? ஊர் பார்க்கிறதே என்று ஒரு பதற்றம். என் குட்டு வெளியாகிவிடுமோ என்று ஒரு பயம். நான் கேட்டேன்:

“பால் எங்கம்மா?”

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நினைவிருக்கிறதா? நடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தீர்கள். அவள் மெதுவாகத் தலை தூக்கினாள். என்னைப் பார்த்தாள். வேலைக்குரலில், குழைந்து, சிரித்த குரலில் எனக்குப் பதில் சொன்னாள்:

“மன்னிக்கவும். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.”

வேடிக்கை பண்ணுகிறாள் என்று நீங்கள் இன்னும் பலமாகச் சிரித்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை; உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. என் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த பெண், என்னைத் தன் எண்பத்தோராவது கோபக்காரியாகப் பார்த்தாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அழுத்தவில்லை. இன்றுவரை அழுத்தவில்லை.

மெக்கானிக் தம்பி! உள்ளே இறங்கிய உங்கள் கண்ணில் அழுத்தியிருந்த அந்த சுவிட்ச் பட்டது. நீங்கள் அதைச் சத்தமில்லாமல் இழுத்துவிட்டு, வெளியே வந்து, “வயர் லூசு, சரி பண்ணிட்டேன்” என்று சொன்னீர்கள். ஒரு பெண்ணின் மானத்தை ஒரு வயரின் மேல் போட்டுக் காத்தீர்கள். உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள் தம்பி.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

அதோ! மூன்றாவது வரிசையில் ஒரு கிசுகிசுப்பு. என்ன அது? சத்தமாகத்தான் சொல்லுங்களேன்! “ஐயோ, அவ்வளவு தூரமா?” என்கிறீர்களா? ஆமாம், அவ்வளவு தூரம். லிஃப்ட் நின்றால் மூன்று நிமிஷத்தில் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறோமே, அப்போது யாராவது ‘ஐயோ, அவ்வளவு தூரமா’ என்கிறோமா? எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒன்பதாவது ஆள் ஏறினால் அது கூவுகிறது; நாம் இறங்கிக்கொள்கிறோம். மனிதர் மேல் எத்தனை பேர் ஏறலாம் என்று எங்கேயாவது எழுதி ஒட்டியிருக்கிறதா? எழுதாத காரணத்தால் ஏறிக்கொண்டே இருக்கலாமா? அவர்கள் கூவத் தெரியாத காரணத்தால் நாம் இறங்காமலே இருக்கலாமா?

மருத்துவர் ஒரு பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். சில மாதம் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பேச வேண்டும் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு அரை மணி நேரம், யாரும் கூப்பிடாத மாதிரி, கதவு சாத்திட்டு உக்கார வீட்ல ஒரு இடம் இருக்காம்மா?”

“இருக்கே டாக்டர். பாத்ரூம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அதுக்கு வெளியவும் ஒருத்தர் நிப்பாங்களேம்மா” என்றார்.

உண்மைதானே? நிற்பார்களே! அவரவர் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. தேறியிருக்கிறாள். ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு என்னோடு போனில் பேசுவாள். அவள் இல்லாத மேசை எப்படி இருக்கிறது தெரியுமா? எண்பது முறை மன்னிப்புக் கேட்ட குரல் இல்லை. சத்தமில்லை. நான் ஏங்கிய அதே அமைதி என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவள் நாற்காலியைத் துடைக்கிறேன், உட்கார ஆளில்லை. தட்டு நான்கு எடுக்கிறேன், ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். என் மகன் வேலையிலிருந்து வந்து விடிகிற நேரத்தில் அந்த மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறான். கட்டில் இருக்கிறது, படுக்கையறை காலியாக இருக்கிறது, மேசையில் படுக்கிறான். தாய் கண்ணுக்கு இது தப்புமா?

போன ஞாயிறு அவள் பேசியபோது, நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்: “நானும் அந்த சுவிட்சை அழுத்துவேம்மா.”

மறுமுனையில் அவள் கத்தினாள்: “அத்தை! நீங்களுமா? எத்தனை மணிக்கு?”

“மூணு பத்துக்கு.”

“அட கடவுளே! நான் மூணரைக்கு வெளிய வர்றப்பல்லாம் லிஃப்ட் நம்ம மாடியிலயே நிக்கும். நான் என்னோட அதிர்ஷ்டம்னு நெனச்சேன்.”

“அதிர்ஷ்டமில்ல. உன் மாமியார்.”

சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு! சிரித்து முடித்தாள், சிரித்த வாயோடு அழுதாள். நான் கேட்டேன், “எப்பம்மா வர்றே?” என்று. அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் இந்த அவையின் முன்னால் வைக்க வந்தேன்.

“வரணும்னு ஆசையாத்தான் இருக்கு அத்தை. அவரைப் பார்க்கணும், உங்களைப் பார்க்கணும். ஆனா வந்தா நான் எங்க உக்காருறது?”

பெரியோர்களே, தாய்மார்களே! எங்கே உட்காருவது என்று கேட்கிறாள் ஒரு பெண். இருபத்து நான்கு வீடு இருக்கும் கட்டடம் இது. நூற்று நாற்பது கதவு இருக்கும் கட்டடம் இது. கார் நிற்க இடம் உண்டு, கோடு போட்டு எண் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீர் நிற்க இடம் உண்டு, மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. குப்பை நிற்க இடம் உண்டு, ஈரக்குப்பைக்குத் தனி, காய்ந்த குப்பைக்குத் தனி. ஒரு மனிதர் அரை மணி நேரம் நிற்க, யாருக்கும் எதுவுமாக இல்லாமல் வெறுமனே நிற்க, ஓர் அடி இடம் எங்கே வைத்தோம்?

எனக்கு ஓர் இடம் தெரியும். இன்றைய ஐந்தாம் பொருள் அதுதான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பழைய ஜெனரேட்டர் அறை. பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல், அதன் வழியே பின் சுவரும் ஒரு வேப்ப மரக்கிளையும் தெரியும். உள்ளே காய்ந்த பெயிண்ட் டப்பா ஆறு, கால் உடைந்த டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று. அந்த அறைக்கு ஒரு டிரெட்மில் வாங்கிப் போடலாம் என்று செயலாளர் முன்மொழிந்திருக்கிறார். உடம்பு முக்கியம்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறோம். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம், பிள்ளையைப் பிடிக்க ஓடுகிறோம், தவணையைப் பிடிக்க ஓடுகிறோம். ஓடி ஓடிக் களைத்து வீடு வந்தவர்களுக்கு, நின்ற இடத்திலேயே ஓட இன்னோர் இயந்திரமா? உடம்புக்கு ஓர் இயந்திரம் கேட்டால் ஒருமனதாகக் கை தூக்குகிறோம். மனத்துக்கு ஒரு நாற்காலி கேட்டால் கை எங்கே போகிறது?

நான் கேட்பது ஒரு நாற்காலி. ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வேறெதுவும் வேண்டாம். தொலைக்காட்சி வேண்டாம், பாட்டுப்பெட்டி வேண்டாம், அறிவுரை எழுதிய படம் வேண்டவே வேண்டாம். சாமி படம்கூட வேண்டாம். மூன்று வேளையும் சாமி கும்பிடுகிற நான் சொல்கிறேன். அவரவர் சாமி அவரவர் மூச்சோடு வந்துவிடும். ஓர் ஆளுக்கு அரை மணி. வெளியே ஒரு தாள் தொங்கும். அதில் நேரம் மட்டும், பெயர் கிடையாது. வீட்டு எண்ணும் கிடையாது. பெருக்குவது நான், துடைப்பது நான், டப்பாக்களை அப்புறப்படுத்துவதும் நான்.

“ஆம்பளைங்களுக்கு உண்டா?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். உண்டு ஐயா, உண்டு! நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வராமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரியாதா? எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதானே உங்கள் கார்! சொல்லிக் காட்டவில்லை. நாற்காலி எல்லோருக்கும்தான்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் சார். “சும்மா உட்கார ஒரு ரூமாம்மா? மினிட்ஸ்ல நான் என்னன்னு எழுதுறது?” என்கிறார். நியாயமான கேள்வி. ‘சும்மா உட்கார ஓர் அறை’ என்றே எழுதுங்கள் சார், வெட்கப்படாமல் எழுதுங்கள். சும்மா உட்காருவது அவ்வளவு எளிதாக இருந்தால், இந்தக் கட்டடத்தில் எதற்காக ஒரு லிஃப்ட் இருபத்து மூன்று முறை அந்தரத்தில் நிற்கிறது? என் மருமகள் போன பிறகும், நான் விட்ட பிறகும், மூன்று முறை நின்றிருக்கிறதே! சுவிட்சைப் பிடுங்கினால் லிஃப்ட் ஓடும். அதற்குள் போய் நின்றவர்கள் எங்கே போவார்கள்? கேமரா மாட்டுங்கள், யார் என்று தெரிந்துவிடும். ஏன் என்று தெரியுமா?

தெய்வம் எனக்கு நல்ல கணவரைக் கொடுத்தது, நல்ல மகனைக் கொடுத்தது, மகளைக் கொடுக்கவில்லை. தாமதமாக ஒரு மகள் வந்தாள். அவளிடம் நான் ‘உக்காரும்மா’ என்று சொன்னதைவிட ‘எழுந்திரும்மா’ என்று சொன்னதே அதிகம். இனி ‘உக்காரும்மா’ என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சொன்னால் அவளுக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டாமா? கையை எந்தப் பக்கம் நீட்டுவேன்?

இவ்வளவு நேரம் ஒரு சமையல்காரியின் பேச்சைச் சகித்த தலைவருக்கும், குறுக்கே பேசி எனக்குத் துணிச்சல் தந்த செயலாளருக்கும், எழுந்து போகாத பின் வரிசைக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு தும்மல் என்று சொல்லும் முன் வரிசைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயா, ஒன்றே ஒன்று. நாளை ஞாயிறு. நான்கு மணிக்கு அவள் பேசுவாள். அந்த அறை உண்டா இல்லையா என்று, எந்தப் பதிலானாலும் சரி, நாளை மூன்றரை மணிக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.